பாம்பனை மூடினார்கள், மலை ரயில் பாலங்களை ஏன் மூடவில்லை?

அருவங்காட்டிலிருந்து கட்டுமானப் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பாம்பன் பாலம் 1914-இல் திறக்கப்பட்டது. பழுதாகிவிட்டது என்று 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். மேட்டுப்பாளையம் – குன்னூர் மலைப் பாதை 1899-இல் திறக்கப்பட்டது. அதன் பாலங்கள் பாம்பனைவிடப் பதினைந்து வயது மூத்தவை. அவற்றின் மேல் இன்னும் வண்டி ஓடுகிறது. என் பாட்டி ஒருமுறையாவது அந்த ரயிலில் மேட்டுப்பாளையம் வரை போய்வர வேண்டும் என்கிறார். நம்பி அழைத்துப் போகலாமா?"

தாராளமாக அழைத்துப் போங்கள், தம்பி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு போங்கள் என்பது மட்டுமே என் நிபந்தனை. அந்த நிபந்தனைக்கும் பாலத்து இரும்பின் வயதுக்கும் சம்பந்தமே இல்லை. ரயில்வேயில் பாலப் பராமரிப்பு வேலையில் இருந்து ஓய்வு பெற்றுக் குன்னூரில் வசிப்பவன் நான். நூறு வயதைத் தாண்டிய பாலம் என்றாலே ஆபத்து என்று பலரும் நினைப்பதைப் பார்க்கிறேன். அந்தப் பயம் தவறான இடத்தில் போய் நிற்கிறது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

பாம்பனிலிருந்தே தொடங்குவோம். அங்கே இரும்பைத் தின்றது உப்பு. கடற்காற்றின் அரிப்பு உலகிலேயே மிகக் கடுமையாக இருக்கும் இடங்களில் பாம்பன் கால்வாயும் ஒன்று. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம், 145 சிறு கண்கள் (இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதியைக் கண் என்கிறோம்), நடுவில் கப்பலுக்காகத் தூக்கித் திறக்கும் ஷெர்ஸர் கண் ஒன்று. இத்தனை இரும்பும் நூறு ஆண்டுகளுக்கு மேல் உப்புக் காற்றில் நின்றது. 1964 டிசம்பர் புயலில் பெரும்பாலான கர்டர்கள், அதாவது தூண்களின் மேல் பாதையைத் தாங்கும் இரும்பு உத்தரங்கள், கடலுக்குள் போயின. ஈ. ஸ்ரீதரன் தலைமையில் அவற்றைக் கடலடியிலிருந்து மீட்டெடுத்துத் திரும்பப் பொருத்தி 46 நாட்களில் ரயிலை ஓட்டினார்கள். கடலில் விழுந்து எழுந்த அதே கர்டர் பல ஆண்டுகள் வண்டியைச் சுமந்தது. அந்தக் காலத்து எஃகை எளிதாக எடைபோட்டுவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. 2007-இல் பாம்பன் பாதையை மீட்டர் கேஜிலிருந்து அகலப் பாதையாக மாற்றினார்கள். மீட்டர் கேஜ் வண்டியை நினைத்துக் கட்டிய பாலத்தின் மேல், வலுப்படுத்திய பிறகு, பெரிய வண்டி ஏறியது. உப்பும் கூடுதல் சுமையும் சேர்ந்த பிறகு அதற்கு ஓய்வு கொடுத்தது சரியான முடிவு. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது.

இன்னொரு பாலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ராஜமுந்திரியில் கோதாவரியின் குறுக்கே நிற்கும் ஹேவ்லாக் பாலம் நம் மலைப் பாதைக்கு ஏறக்குறைய இரட்டைப் பிறவி. 1897 நவம்பரில் வேலை தொடங்கி 1900 ஆகஸ்டில் திறந்தார்கள். கண் ஒன்றுக்கு 150 அடி வீதம் 56 கண்கள், கல் தூண்களின் மேல் எஃகு கர்டர்கள். கட்டிய பொறியாளர் வால்டன், காசியில் கங்கையின் குறுக்கே டஃபரின் பாலத்தைக் கட்டியவர். அன்றைய சென்னை மாகாண ஆளுநரின் பெயரையே பாலத்துக்கு வைத்தார்கள். அங்கே கடல் உப்பு ஒரு பிரச்சினை இல்லை. ஆனாலும் 1997-இல் அதன் மேல் ரயில் ஓடுவதை நிறுத்தினார்கள். அதே வயதுள்ள நம் மலைப் பாதை மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் கேள்விக்கான விடையில் பாதி, இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில் இருக்கிறது.

ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் ஒடிந்துவிடுகிறது அல்லவா? எந்த ஒரு வளைப்பும் தனியாக அதை ஒடிக்கும் அளவுக்குப் பெரியதில்லை. எண்ணிக்கைதான் ஒடித்தது. பாலத்திலும் இதுவே நடக்கிறது. ஒவ்வோர் அச்சு கடக்கும்போதும் கர்டர் கண்ணுக்குத் தெரியாத அளவு தொய்ந்து நிமிர்கிறது. லட்சக்கணக்கான தடவை இது நடந்தால், தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணியின் துளை விளிம்பு போன்ற இடத்தில் மயிரிழை விரிசல் பிறக்கும். இதை உலோகச் சோர்வு என்கிறோம். இதில் ஒரு கொடுமையான கணக்கு உண்டு. எஃகில் ஏறி இறங்கும் அழுத்தம் இரட்டிப்பானால் சேதம் இரண்டு மடங்கு ஆவதில்லை, ஏறத்தாழ எட்டு மடங்கு ஆகிறது. அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே இருந்தாலோ, எத்தனை வண்டி போனாலும் சேதம் அநேகமாக இல்லை.

இப்போது கோதாவரியையும் நீலகிரியையும் எண்ணிப் பாருங்கள். ஹேவ்லாக் பாலம் சென்னை – ஹவுரா முதன்மைப் பாதையில் இருந்தது. அகலப் பாதைச் சரக்கு வண்டி ஒன்றில் இன்று 58 வேகன்கள், வேகனுக்கு நான்கு அச்சு, ஆக 232 அச்சுகள். ஓர் அச்சின் மேல் 22.9 டன் வரை சுமை. அந்தப் பாலத்தின் காலத்து வண்டிகள் இதைவிடச் சிறியவை, ஆனாலும் நூற்றாண்டு முழுக்க அவற்றின் எடையும் நீளமும் வேகமும் கூடிக்கொண்டே போயின. குன்னூருக்குக் கீழே ஓடும் நம் நீராவி வண்டி எப்படி? எக்ஸ் வகை எஞ்சினின் எடை ஏறத்தாழ 50 டன், அதுவும் ஐந்து அச்சுகளில் பகிர்ந்து. பின்னால், இல்லை, மலை ஏறும்போது முன்னால், நாலைந்து சிறிய பெட்டிகள். வழக்கமான நாளில் மேலே ஒன்று, கீழே ஒன்று. பல்சக்கரத்தின் பிடியில் ஏறும் செங்குத்தான பகுதியில் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர். ஒரே ஒரு சமவெளிச் சரக்கு வண்டி கடக்கும் அச்சுகளின் எண்ணிக்கையை எட்ட நம் மலை வண்டிக்கு ஐந்து ஆறு நாட்கள் பிடிக்கும். அந்த அச்சுகளின் சுமையும் பாதிக்குக் குறைவு. வேகம் இல்லாததால் அதிர்ச்சியும் இல்லை.

இதில் இன்னொன்று, யாரும் திட்டமிடாமல் கிடைத்த நன்மை. மீட்டர் கேஜ் மாறவில்லை, எஞ்சின் வகையும் மாறவில்லை. ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூரில் 1914-இலிருந்து செய்து அனுப்பிய அந்த எக்ஸ் வகையின் வடிவத்தைத்தான் பொன்மலைப் பணிமனையில் அண்மைக் காலத்தில் செய்த புதிய எஞ்சின்களும் பின்பற்றுகின்றன. பாட்டன் காலத்துப் பாலத்தின் மேல் பாட்டன் காலத்து எடையே இன்றும் போகிறது. இந்தியாவில் வேறு எத்தனை பெரிய ரயில் பாதைகளைப் பற்றி இப்படிச் சொல்ல முடியும்? ஆகவே 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது பெருமைக்காக மட்டும் நடந்தது என்று நான் நினைக்கவில்லை. "நவீனப்படுத்துகிறேன்" என்று யாராவது கனமான வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவதற்கு அது ஒரு தடையாகவும் இருக்கிறது. எனக்கு அதில் மனநிறைவு.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். 1899-இல் திறந்த பாதை என்றால் இன்று நீங்கள் பார்க்கும் ஒவ்வோர் எஃகுத் துண்டும் 1899-இல் வைத்தது என்று பொருள் இல்லை. தூண் அப்படியே இருக்க, கர்டரோ, அது தூணின் மேல் உட்காரும் பேரிங்கோ, தண்டவாளத்தின் அடியில் குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பரோ மாறிக்கொண்டே வருவது எந்தப் பழைய பாதையிலும் சாதாரணம். ரிவெட் வைத்த பாலத்தின் அழகும் அதுதான். பல தகடுகளைச் சேர்த்து ரிவெட் அடித்துக் கட்டியிருப்பதால் ஒரு தகட்டில் விரிசல் வந்தாலும் அது அந்தத் தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். அடுத்த தகட்டுக்குத் தாவாது. பழுதான துண்டை மட்டும் கழற்றி மாற்றலாம்.

சரி, மலைக்கே உரிய தொல்லை ஒன்றும் இல்லையா? இருக்கிறது. அது வேறு திசையிலிருந்து வருகிறது.

சமவெளிப் பாலத்தில் சுமை கீழ்நோக்கி அமுக்குகிறது. மலைப் பாலத்தில் அதோடு பாதையின் நீளவாக்கில் ஒரு தள்ளலும் சேர்கிறது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே சரிவு ஏறக்குறைய பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி. 100 டன் எடையுள்ள வண்டி என்று வைத்துக்கொண்டால் சுமார் எட்டு டன் விசை சரிவின் போக்கில் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். அதைத் தாங்கவே தண்டவாளங்களுக்கு நடுவில் ஆப்ட் முறைப் பல்சட்டம், அதாவது பல் வெட்டிய இரும்புச் சட்டம். 44 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு பல்சட்டங்கள் ஓடுகின்றன. ஒன்றின் பல்லுக்கு எதிரே மற்றதின் பள்ளம் வரும்படி வைத்திருக்கிறார்கள். எஞ்சினின் பற்சக்கரம் எந்தக் கணத்திலும் ஏதாவது ஒரு பல்லைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, வண்டி மேலே ஏறினாலும் கீழே இறங்கினாலும் பாதை தள்ளப்படுவது ஒரே திசையில்தான் என்பது. ஏறும்போது எஞ்சின் பல்சட்டத்தைக் கீழ்நோக்கி உதைத்து மேலே போகிறது. இறங்கும்போது பிரேக் பிடித்து, வண்டியின் எடையைப் பல்சட்டத்தின் மேலும் தண்டவாளத்தின் மேலும் சாய்த்து நிறுத்துகிறது. ஒவ்வொரு பெட்டியிலும் நின்று கை பிரேக்கைச் சுழற்றும் பிரேக்ஸ்மேன்களின் வேலையும் அதே திசையில்தான் போய்ச் சேர்கிறது. சமவெளிப் பாதையில் போகும் வண்டி ஒரு பக்கம் தள்ளினால் வரும் வண்டி மறுபக்கம் தள்ளும், கணக்கு நேராகிவிடும். இங்கே நூற்றிருபத்தைந்து ஆண்டுகளாக எல்லாத் தள்ளலும் மேட்டுப்பாளையத்தை நோக்கியே.

அந்தத் தள்ளல் பல்சட்டத்திலிருந்து ஸ்லீப்பருக்கும், ஸ்லீப்பரிலிருந்து கர்டருக்கும், கர்டரிலிருந்து பேரிங் வழியாகக் கல் தூணுக்கும் போகிறது. உயரமான தூணின் தலையில் கை வைத்துத் தள்ளுவது போன்ற விசை அது. ஆகவேதான் மலைப் பாதையின் கல் தூண்கள், மேலே போகும் சின்ன வண்டியைப் பார்த்தால் தேவைக்கு மீறித் தடிமனாகத் தோன்றுகின்றன. போதாததற்கு வளைவுகள். 46 கிலோமீட்டர் பாதையில் 208 வளைவுகள், மிகக் கூர்மையானவற்றின் ஆரம் 100 மீட்டர் அளவுதான். கர்டர் நேரானது, அதன் மேல் போகும் பாதையோ வளைந்தது. எனவே ஒரு பக்கத்துக் கர்டர் மற்றதைவிட அதிகம் சுமக்கும். ஆய்வுக்குப் போகிறவர் முதலில் அந்தக் கர்டரைத்தான் பார்க்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்கிறேன், படிக்கும் பிள்ளைக்குப் பயன்படும். ரிவெட் தளர்ந்திருக்கிறதா என்று அறிய நூறு கிராம் எடைக்குச் சற்று மேலான சிறிய சுத்தியல் ஒன்று போதும். இடது கை ஆள்காட்டி விரலை, ரிவெட்டின் தலையும் தகடும் சேரும் இடத்தில் இரண்டையும் தொடும்படி வைக்க வேண்டும். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு தட்டு. இறுக்கமான ரிவெட் என்றால் தகடும் தலையும் ஒன்றாகவே அதிரும். தளர்ந்ததென்றால் தலை மட்டும் துள்ளுவது விரலுக்குத் தெரியும். தட்டுவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரியும் அடையாளமும் உண்டு. தளர்ந்த ரிவெட்டைச் சுற்றிப் பெயின்ட் வெடித்து, அங்கிருந்து பழுப்பு நிறத்தில் துருநீர் வழிந்த கோடு கீழே இறங்கியிருக்கும். வெள்ளி நிற அலுமினியப் பெயின்ட் அடித்த கர்டரில் அந்தக் கோடு தூரத்திலிருந்தே தெரியும். கர்டரைச் சற்றுத் தூக்கி, அடியில் உள்ள பேரிங்கைத் துடைத்து, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கிரீஸ் வைக்க வேண்டும். பேரிங் இறுகிப்போனால் வெயிலில் நீளும் கர்டருக்கு இடம் இருக்காது. இருபது மீட்டர் கர்டர் முப்பது டிகிரி வெப்ப மாற்றத்தில் ஏழு மில்லிமீட்டர் நீளும். அந்த ஏழு மில்லிமீட்டருக்கு வழி விடாவிட்டால் தூணின் தலைக்கல்லை உடைத்துக்கொண்டு அது தன் வழியைத் தேடிக்கொள்ளும்.

மலையில் துரு வருவது பெரும்பாலும் இந்தப் பேரிங் மூலையில்தான். சருகும் மண்ணும் அங்கே சேர்ந்து, மூடுபனியில் நனைந்து, மாதக்கணக்கில் ஈரம் காயாமல் கிடக்கும். துடைப்பமும் கையுமாக ஒருவர் போனால் தீர்ந்துவிடும் வேலை. அதே சமயம் சமவெளிப் பாலங்களை வாட்டிய ஒரு துன்பம் இங்கே இல்லை. நீண்டகாலமாக ரயில் கழிப்பறைகளிலிருந்து நேராகக் கர்டர் மேல் விழுந்த கழிவு, நம் நாட்டுப் பாலங்களுக்கு மழையைவிட அதிகக் கேடு செய்தது. மலை ரயில் பெட்டிகளில் கழிப்பறை வைக்கும் வழக்கமே இல்லை.

இப்போது என் நிபந்தனைக்கு வருகிறேன். பாலங்களைக் கொல்வதில் முதலிடம் தண்ணீருக்கு. 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். அங்கே இரும்பு சோர்ந்து ஒடியவில்லை. வெள்ளம் பாலத்தைக் குலைத்தது. கண்ணுக்குத் தெரியும் கர்டரைப் பார்த்து நாம் பயப்படுகிறோம். கண்ணுக்குத் தெரியாத அடிமண்தான் நம்மை ஏமாற்றுகிறது.

மேட்டுப்பாளையத்தை ஒட்டிப் பவானியைக் கடக்கும் பாலத்துக்கு இது நேராகப் பொருந்தும். நம் பாதையில் ஒரு பெரிய ஆற்றைக் கடப்பது அந்த ஒரே இடம். நீலகிரியின் மேற்குச் சரிவில் பிறந்து, அட்டப்பாடி வழியாகக் கேரளத்துக்குள் போய்த் திரும்பி, பில்லூர் அணையைத் தாண்டி வரும் பவானி அது. பவானி ஊரில் போய்க் காவிரியில் கலக்கிறது. பாலத்தில் சரிவு கிடையாது, பல்சட்டமும் கிடையாது, வண்டியும் சிறியது. அங்கே கவனிக்க வேண்டியது தூணைச் சுற்றி நீர் மண்ணைக் குடைகிறதா என்பதைத்தான். ஆற்றுப் பாலங்களின் தூணில் அபாய மட்டத்தைக் குறித்துக் கோடு வரைந்திருப்பார்கள். வெள்ளம் அதைத் தொட்டால் வண்டியை நிறுத்த வேண்டும் என்பது விதி. பில்லூர் அணை திறக்கும் நாட்களில் மேட்டுப்பாளையத்தில் கரையோரத்தாருக்கு எச்சரிக்கை விடுகிறார்களே, அதே நாட்களில் பாலத்துக்கும் கண்காணிப்பு வேண்டும்.

மலைக்குள் போனால் கதை மாறுகிறது. மொத்தம் 250 பாலங்கள், அவற்றில் பெரியவை 32. சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுப்பது அந்த 32-இல் சிலவற்றை. என் கவலை எல்லாம் மற்றவற்றின் மேல்தான். நாலடி, ஆறடி அகலத்தில் ஓடையைக் கடக்கும் சின்னஞ்சிறு பாலங்கள் அவை. வண்டி கடந்ததே நமக்குத் தெரியாது. மேலே ஒரு சரிவு நழுவி, பாறையும் மரமும் சேறும் வந்து அந்தக் கண்ணை அடைத்துவிட்டால், பின்னால் நீர் குளம்போல் தேங்கும். தேங்கிய நீர் பாதையின் மண்கரையைக் கரைத்துக்கொண்டு போகும். தண்டவாளம் அந்தரத்தில் தொங்கும். 1993 நவம்பரில் மரப்பாலம் பகுதியிலும், 2009 நவம்பரில் மாவட்டம் முழுக்கவும் மண் சரிந்ததைக் குன்னூர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கல்லாறு – குன்னூர் இடையே ரயிலை அடிக்கடி ரத்து செய்வது இதனால்தான். "இந்த ரயில் எப்போதும் இப்படித்தான்" என்று அலுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படி ரத்து செய்யும் ஒவ்வொரு தடவையும் நிம்மதியாக இருக்கிறது. மழையில் நடந்து போய் ஒவ்வொரு கண்ணையும் பார்த்து வரும் டிராக்மேனின் சொல்லுக்கு மரியாதை இருக்கிறது என்று பொருள்.

இதில் பயணிகளுக்கும் பங்கு உண்டு. ஜன்னல் வழியாக எறியும் பிளாஸ்டிக் பாட்டிலும் பையும் உருண்டு போய்ச் சேரும் இடம் அந்தச் சின்னக் கண்கள். சருகை மழைநீர் அடித்துக்கொண்டு போய்விடும். பிளாஸ்டிக் சருகைப் பிடித்து நிறுத்தி அடைப்பை உண்டாக்கும். அதேபோல் அடர்லி பக்கத்து உயரமான பாலத்தில் நடந்து போய்ப் படம் எடுப்பதையும் தயவுசெய்து விடுங்கள். ஸ்லீப்பர்களுக்கு இடையே அடியில் ஒன்றும் கிடையாது, ஒதுங்கி நிற்க எல்லா இடத்திலும் இடமும் இல்லை.

பாட்டியின் பயணத்துக்கு வருவோம். ஜனவரி பிற்பாதியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். மண் காய்ந்திருக்கும், ஓடைகள் அடங்கியிருக்கும். குன்னூரில் ஏறிக் கீழே இறங்கும் பிற்பகல் வண்டிக்கு முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள், கடைசி நேரத்தில் இடம் கிடைப்பது கடினம். ஹில்குரோவில் வண்டி நிற்கும்போது அவரை இறங்கி நிற்க வைக்கலாம், டீ கிடைக்கும், ஆனால் குரங்குகள் கையில் இருப்பதைப் பிடுங்கும். நீங்கள் அந்த நேரத்தில் பல்சட்டத்தைக் குனிந்து பாருங்கள். பற்களின் எந்த முகம் தேய்ந்து பளபளக்கிறது என்று பார்த்தால், தள்ளல் எந்தத் திசையில் என்று நான் சொன்னது விளங்கும். மேட்டுப்பாளையம் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெட்டியில் கழிப்பறை வசதியை எதிர்பார்க்க முடியாது என்பதால், குன்னூர் நிலையத்திலேயே பாட்டியை ஒருமுறை போய்வரச் சொல்லிவிட்டு ஏற்றுங்கள்.